இரும்பு என்று நான் நம்பிய இளஞ்சிவப்பு

உலோக அயனியைக் கண்டால் நிறம் காட்டும் சென்சார் மூலக்கூறுகள் செய்வது என் ஆய்வு. அதற்காக ரோடமைன் பி ஹைட்ராசைடு என்ற சாய மூலக்கூறை முதன்முதலாகச் செய்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடர் ஊதாவாகக் கொதிக்கத் தொடங்கிய கரைசல், மெல்ல வெளுத்து இளம் ஆரஞ்சில் வந்து நின்றது. இந்த மூலக்கூறில் உள்ள ஸ்பைரோலாக்டம் என்ற வளையம் மூடியிருந்தால் நிறமும் இல்லை, ஒளிர்வும் இல்லை. திறந்தால் இரண்டும் வந்துவிடும். 1997-இல் சார்னிக் குழுவினர் தாமிர அயனியைக் கண்டுபிடிக்க இந்த மூலக்கூறைத்தான் பயன்படுத்தினார்கள். நான் அதோடு ஓர் ஆல்டிஹைடைச் சேர்த்து, உலோகத்தைப் பிடிக்க ஏதுவான ஷிஃப் பேஸ் என்ற வகைச் சேர்மம் ஆக்கினேன்.

வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஓர் உலோக உப்பு. இரும்பு(III), அலுமினியம் இரண்டு மட்டும் பளிச்சென்று இளஞ்சிவப்பானது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டைட்ரேஷன், எத்தனைக்கு எத்தனை சேர்கிறது என்று காட்டும் ஜாப் வரைபடம், கண்டறியும் எல்லை என்று நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் வேறு வேலையாக எடுத்த பிஎச் தாளை அந்த இரும்பு பெர்குளோரேட் ஸ்டாக் கரைசலிலும் முக்கிப் பார்த்தேன். 2 காட்டியது; நல்ல அமிலம்.

உடனே உலோகமே இல்லாத குப்பியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். அதே இளஞ்சிவப்பு. மூன்று நேர்மின்சுமை கொண்ட சின்ன அயனி, தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானை இழுக்கிறது. அவை புரோட்டானை விட்டுவிடுகின்றன. அந்தப் புரோட்டானே வளையத்தைத் திறக்கப் போதும்.

அப்புறம் எல்லாவற்றையும் பிஎச்சை 7.2-இல் மாறாமல் வைக்கும் ஹெப்பீஸ் பஃபர் கரைசலில் திரும்பச் செய்தேன். இரும்புக் குப்பியில் நிறமே வரவில்லை. அலுமினியத்துக்கு மெலிதாக வந்தது, உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் இடிடிஏ சேர்த்ததும் மறைந்தது. அந்த மெலிதான நிறத்தை மட்டும் வைத்து ஆய்வைத் தொடர்ந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

*

எனக்கு நடந்தது ஃபுளோரைடில். அயனியைப் பிடிக்கத் தயோயூரியா, அதோடு இணைந்த ஒளிரும் சாயமான நாப்தலிமைடு, இதுதான் என் மூலக்கூறு. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் டெட்ராபியூட்டைல்அம்மோனியம் ஃபுளோரைடு உப்பைச் சேர்த்தால் வெளிர் மஞ்சள் கருஞ்சிவப்பாகும், ஒளிர்வு அணையும். தயோயூரியாவின் என்ஹெச் (நைட்ரஜன்–ஹைட்ரஜன்) பிணைப்பு ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருவர், "ஹைட்ராக்சைடு உப்பைப் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார். போட்டேன். அலைநீளம்கூட மாறாமல் அதே நிறமாலை. என்எம்ஆர் நிறமாலையில் 16 பிபிஎம் பக்கம் ஒரு மும்முனைச் சிகரம் எழுந்திருந்தது; ஃபுளோரைடு புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு பைஃபுளோரைடாக மாறியதன் அடையாளம் அது. யூரியா ஏற்பிகளில் இது நடப்பதை ஃபாப்ரிட்சி குழுவினர் முன்பே காட்டியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தும், என் மூலக்கூறுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

இன்னும் வலித்தது தண்ணீர்ச் சோதனை. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைவிடப் பல மடங்கு ஃபுளோரைடு கலந்த தண்ணீரில்கூட என் மூலக்கூறு அசையவில்லை. தண்ணீர் ஃபுளோரைடை அவ்வளவு இறுக்கமாகச் சூழ்ந்துகொள்கிறது. குடிநீருக்கு உதவவேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். அதனால் இப்போது சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை ஃபுளோரைடு வெட்டும் வழியில் முயன்று வருகிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது.

*

சுருக்கமாக என்னுடையதும். கூமரின் சாயத்தில் செய்த சென்சார், அதை ஒளிரவைக்க 340 நானோமீட்டர் ஒளியால் கிளர்வு. இரும்பு(III) சேர்க்கச் சேர்க்க ஒளிர்வு சீராகக் குறைந்தது. தாமிரம் போல உண்மையான குவென்ச்சிங், அதாவது அயனியே சாயத்தின் ஒளிர்வை அணைக்கிறது என்று நினைத்தேன். இரும்புக் கரைசலை மட்டும் தனியாக யூவி நிறமாலைமானியில் வைத்தால் 340-இல் நன்றாகவே உறிஞ்சுகிறது! விளக்கின் ஒளி சாயத்தை எட்டும் முன்பே பாதியை இரும்பு விழுங்கிவிடுகிறது.

இதற்குப் பின்தான் 1985-இல் வந்த ஃபியூரா-2 என்ற சாயத்தின் அருமை எனக்குப் புரிந்தது. கால்சியத்தை அளக்க 340, 380 என இரண்டு கிளர்வுகளின் விகிதத்தை எடுப்பார்கள். சாயத்தின் அளவு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் பெரிதாக ஆடாது. சரி, என் சாயத்துக்கு அந்த வசதி இல்லை. 1 செ.மீ. குவெட்டை (கரைசல் ஊற்றி அளக்கும் சிறு கலம்) எடுத்துவிட்டு, ஒளி கடக்கும் தூரம் குறைந்த 2 மி.மீ. குவெட்டில் அளந்தேன். குவென்ச்சிங்கில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது.