கீசரில் சொட்டும் அந்த வால்வுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், கீசர் ஒழுகினால் என்ன செய்வது என்று ஓர் அறிவித்தல் ஒட்டப் போகிறோம். சிங்களமும் ஆங்கிலமும் தயார். தமிழ்ப் பிரதி ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. குளிர்நீர் உள்ளே போகும் இடத்தில் ஒரு சின்னப் பித்தளை வால்வு இருக்குமே, அமுக்கம் கூடினால் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விடுவது, அதற்கு இங்கே மூன்று முன்மொழிவுகள் வந்தன: பாதுகாப்பு வால்வு, விடுவிப்பு வால்வு, அழுத்தத் தணிப்பு வால்வு.

மூன்றிலும் எனக்குப் படுகிற குறை ஒன்றுதான். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவது அதன் வேலை என்று பெயரைக் கேட்டால் விளங்காது. 50 லீற்றர் தண்ணீரை 25 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 0.7 லீற்றர் கூடும். பெரும்பாலும் அந்த வால்வுக்குள்ளேயே நீரைத் திரும்பிப் போகவிடாத தடுப்பும் இருக்கிறது. கூடின தண்ணீருக்குப் போக்கிடம் அந்த வாய் மட்டும்தான். சூடேறும்போது சொட்டி, பிறகு நின்றால் பழுதில்லை. ஒழுக்கு என்று நினைத்து அதன் வாயில் மூடி போட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் பயம். அந்த நேரம் பார்த்து தெர்மோஸ்டற்றும் பழுதானால், நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்க முடியாமல் அடைபட்டு நிற்கும். தாங்கி பிளந்தால் அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். ஆவியாகும் நீரின் கனவளவு 1,600 மடங்கு அளவுக்குப் பெருகும். குளியலறைச் சுவர் தாங்காது.

ஆகவே என் முன்மொழிவு: அமுக்கப்போக்கி. புகைபோக்கியை யாரும் அடைப்பதில்லை.

—

தம்பி, போக்கி நல்ல சொல். ஆனால் இது இருக்கிற அமுக்கம் முழுவதையும் போக்குவதில்லை, மிஞ்சினதை மட்டும்தான் விடுகிறது. அதற்கு எங்களிடம் ‘வான்’ இருக்கிறதே, குளத்தில் மிஞ்சின தண்ணீர் வழிந்து போகும் இடம்! குளம் நிரம்பினால் வான் பாயும், மிச்சத் தண்ணீர் குளத்தில் நிற்கும். வான்வால்வு என்றால் என்ன குறை? மற்றது, தமிழ்நாட்டார் அழுத்தம் என்பார்கள், நீங்கள் அமுக்கம் என்கிறீர்கள்.

பெயர் எதுவானாலும் ஒன்றைத் தாளில் போடுங்கள். உறையின் அடியால் தண்ணீர் வந்தால், பெரும்பாலும் உள்தாங்கி அரித்துவிட்டது. துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மக்னீசியக் கோல் கரைந்து முடிந்தபிறகு இரும்புதான் அரிபடும். அதற்கு ஒட்டுவேலை சரிவராது, கீசரையே மாற்ற வேண்டும். இங்கே கொட்டாஞ்சேனையில் எம்-சீல் பூசிய தாங்கிகளைக் கழற்றி அலுத்துப்போனேன்.

—

அண்ணை, வான் எனக்கும் பிடித்த சொல். ஆனால் கொழும்பில் வான் என்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறது. வான்வால்வு கேட்டால் கராஜுக்கு வழி காட்டுவார்கள். அமுக்கத்தை விடமாட்டேன். தாழமுக்கம், குருதியமுக்கம் என்று இங்கே எல்லாரும் அறிந்தது. அழுத்தம் என்று எழுதினால் மின்னழுத்தம் நினைவுக்கு வரும், அதுவும் மின்சாரம் ஓடுகிற சாமானில். தமிழ்நாட்டு நண்பர்கள் அழுத்தப்போக்கி என்று வைத்துக்கொள்ளட்டும், போக்கி பொதுவாக இருந்தால் போதும். ‘மிகை’ சேர்க்கலாம்தான், ஆனால் சுவரில் ஒட்டுகிற தாளில் அவ்வளவு நீளச் சொல்லை யாரும் வாசிக்கமாட்டார்கள்.

வரைவு இது:

“கீசர் ஒழுகினால் ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடாதீர்கள். முதலில் மெயின் போர்ட்டில் கீசருக்கான பிரேக்கரை நிறுத்துங்கள். மின்சாரம் இருக்கையில் தாங்கி வற்றினால் கொயில் எரிந்துபோகும். ட்ரிப் சுவிச் தானாக விழுந்திருந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்க வேண்டாம். அடுத்து, குளிர்நீர் வரும் வால்வை மூடுங்கள். பிறகு சுடுநீர்க் குழாயைத் திறந்து அமுக்கத்தை இறக்குங்கள். கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரலாம். ஆறும்வரை தாங்கியை வடிக்க வேண்டாம். அமுக்கப்போக்கியின் வாயை எதற்காகவும் அடைக்கக் கூடாது. சூடேறாத நேரத்திலும் அது விடாமல் ஒழுகினால், அல்லது உறையின் அடியால் தண்ணீர் வந்தால், பிரேக்கரைப் போடாமல் கீசர் திருத்துகிற பாஸைக் கூப்பிடுங்கள்.”

மக்னீசியக் கோலுக்கும் ஒரு பெயர் வேண்டும். தாளில் அது வராதபடியால் அடுத்த மடலில் பார்ப்போம்.