வீட்டு குரூப்: அப்பா கண் ஆபரேஷன்

நான்: அப்பா ஆபரேஷன தள்ளிப் போடலாம்ங்கிறார். வியாழக்கிழமை வேண்டாமாம்

அண்ணன்: ஏன்

அண்ணன்: பயமா

நான்: பயமெல்லாம் இல்ல. கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல, அப்ப குட்டிய யாரு தூக்குவான்னு அங்கயே ஆரம்பிச்சிட்டார்

அத்தை: எங்கண்ணன் வேற எப்படி இருப்பார்

அக்கா: அப்பா இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, கண்புரை தானா கரையாது, சொட்டு மருந்துலயும் போகாது, ஆபரேஷன் ஒண்ணுதான் வழி, மங்கிப் போன லென்ஸ எடுத்துட்டு புது லென்ஸ் வைப்பாங்க, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம், அதுக்கப்புறம்தான் ஜாக்கிரதையா இருக்கணும், கண்ணக் கசக்கக்கூடாது, குளிக்கும்போது தண்ணி உள்ள போகக்கூடாது, குனிஞ்சு எதையும் தூக்கக்கூடாது, சில வாரம் சொட்டு மருந்து, ராத்திரி தூங்கும்போது கண்ணு மேல ஷீல்டு, குட்டிய கொஞ்ச நாள் அம்மா பக்கம் படுக்க வைங்க, அவ தூக்கத்துல கைய கால வீசுவா

அண்ணன்: அக்கா மூச்சு விடு

அக்கா: நீ படிச்சியா முதல்ல

அண்ணன்: பாதி

அம்மா: குட்டி இப்ப 14 கிலோ இருக்கா. மத்தியானம் இவர் தோள்ல போட்டாதான் தூங்குறா. ஜன்னல் கிட்ட நின்னுக்கிட்டு போற வண்டிய எல்லாம் ரெண்டு பேரும் எண்ணுவாங்க, அவளுக்கு ஏழுக்கு அப்புறம் எண்ணத் தெரியாது, அதனால ஏழு வந்ததும் மறுபடி ஒண்ணு. நான் தூக்கினா இறங்கி ஓடுறா

அண்ணன்: என்னைய அப்பா தோள்ல போட்டதா ஞாபகமே இல்ல

அத்தை: ஆரம்பிச்சிட்டான்

அம்மா: அப்ப அவருக்கு நைட் ஷிப்ட். நீ தூங்கினப்புறம் உன் காலத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கிளம்புவார். உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்

அண்ணன்: இத யாருமே சொன்னதில்ல

அம்மா: நீ கேட்டதில்ல

நான்: [போட்டோ]

நான்: பெரியவளுக்கு பல்லு விழுந்திருச்சு!! இப்பத்தான்

அத்தை: அய்யோ என் தங்கம். மேலயா கீழயா

நான்: கீழ முன்பல்லு

அக்கா: ஆறு வயசு ஆச்சுல்ல, சரியான டைம்தான். பால்பல்லு மொத்தம் 20, எல்லாம் விழுந்து முளைக்க பன்னெண்டு வயசு வரைக்கும் கூட ஆகும், பக்கத்துப் பல்லு ஆடுறப்ப யாரும் இழுக்காதீங்க

அண்ணன்: பல்லு எங்க இப்ப

அம்மா: தாத்தாகிட்ட பத்திரமா குடுத்திருக்கா. மாத்திரை டப்பால போட்டு வச்சிருக்கார்

அக்கா: மாத்திரை டப்பாவா?? அது எங்க இருக்கு?? குட்டி மிட்டாய்னு நினைச்சு எடுத்துடுவா. பிரஷர் மாத்திரை எல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டே ஆபத்தும்மா, சொட்டு மருந்து பாட்டிலையும் கட்டில் பக்கத்துல வைக்காதீங்க

அம்மா: பீரோ மேல வச்சாச்சு. பல்ல தனியா எடுத்தாச்சு

நான்: பேச்சு மாறுது. நான் ஒண்ணு சொல்லணும். பெரியவ நேத்து எங்கிட்ட வந்து தாத்தா புக்குல இருக்கிற கதைய சொல்றதில்லம்மா வேற கதை சொல்றாருன்னா. நான் அவர் சுவாரசியத்துக்காக மாத்துறார்னு நினைச்சேன், அப்புறம் பக்கத்துல உக்காந்து பாத்தா அவருக்கு எழுத்தே தெரியல, படத்த மட்டும் பாத்து கதை கட்டிக்கிட்டு இருக்கார். எத்தனை மாசமா இப்படின்னு தெரியல

அத்தை: அண்ணா

அக்கா: அப்பா ஏன் சொல்லல

அப்பா: படம் தெரியுது

அப்பா: கதை அவளுக்கு பிடிச்சிருந்தது

அண்ணன்: அப்பா ப்ளீஸ். வியாழன் பண்ணிடலாம்

அப்பா: குட்டி மத்தியானம் அழுவா

அக்கா: அழட்டும்பா ரெண்டு நாள். நின்னுக்கிட்டு தூக்குறதுதான் வேண்டாம், ஜன்னல் கிட்ட சேர் போட்டு உக்காருங்க, அவ வந்து பக்கத்துல சாஞ்சுக்கட்டும், ஆபரேஷன் பண்ற கண்ணுக்கு எதிர்ப்பக்கமா உக்கார வைங்க, இன்னைக்கே பழக்கிடுங்க

அம்மா: இன்னைக்கு பாத்தோம். சேர்ல உக்காந்தா "தாத்தா எந்திரி"ங்கிறா

அத்தை: நான் வேணா வந்து ஒரு வாரம் இருக்கேன்

அம்மா: போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க

அத்தை: அப்ப எனக்கு கால் வலி

நான்: பெரியவ சொட்டு மருந்துக்கு டைம் டேபிள் எழுதுறாளாம். கலர் பென்சில் எடுத்துட்டு உக்காந்துட்டா

அக்கா: ரெண்டு வேற மருந்து குடுத்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும், அதையும் எழுதச் சொல்லு. கை கழுவிட்டுத்தான் விடணும்

அப்பா: வியாழன் எத்தனை மணிக்கு

நான்: காலைல எட்டுக்கு வரச் சொன்னாங்க. எனக்கு லீவ் இல்ல. யாரு கூட்டிட்டுப் போறது

அண்ணன்: கேட்டுட்டு சொல்றேன்

அக்கா: எப்ப சொல்வ

அண்ணன்: நாளைக்கு

அத்தை: பல்லு போட்டோ இன்னொண்ணு அனுப்பு, வாயத் திறந்து சிரிக்கச் சொல்லு