மறுமொழி: பேஸ்பால் ‘டிரேட்’டுக்கு ‘அணிமாற்று’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பேஸ்பாலில் கிளப்புகள் தமக்குள் வீரர்களைக் கொடுத்து வாங்கும் ‘டிரேட்’டுக்குத் தமிழில் ‘அணிமாற்று’ என்று சொல்லலாமா என்ற இழை நீண்டு பல கிளையாகிவிட்டது. தனித்தனியாகப் பதில் எழுதினால் இன்னும் சிக்கலாகும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன், கொஞ்சம் பெரிய மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதி வரை, வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் ஆட்டமே கிடையாது. ஆனால் ரசிகர்கள் அதிகமாகச் சண்டை போடுவது அந்த மாதங்களில்தான். யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள், கொடுத்தது அதிகமா, புதிதாக வருகிறவருக்காகப் பட்டியலில் யார் இடம் போகும், இதே பேச்சு. அந்தப் பேச்சைத் தமிழில் நடத்த நமக்கு ஏழெட்டுச் சொற்களாவது வேண்டும். அதில் முதல் சொல் ‘டிரேட்’. அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும் என்று நம்புகிறேன்.

> ‘பரிமாற்றம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, பரிமாற்றம் நல்ல சொல்தான். தகவல் பரிமாற்றம், பணப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் என்று எல்லாவற்றுக்கும் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘வீரர் பரிமாற்றம்’ என்று எழுதினால் செய்தது யார் என்று தெரிவதில்லை. பேஸ்பாலில் ஒரு வீரர் அணி விட்டு அணி போவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள்: கிளப்புகள் தமக்குள் பேசி முடித்து அவரை அனுப்பிவிடுவது, அல்லது ஒப்பந்தம் முடிந்தபின் அவரே தனக்குப் பிடித்த இடத்தில் கையெழுத்துப் போடுவது. ரசிகர்கள் வாதிடுவதில் பாதி இந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் இருக்கும். முதல் வழியில் என்றால் மேலாளரைத் திட்டுவார்கள், இரண்டாவதில் என்றால் வீரரைத் திட்டுவார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் யாரை எதற்குத் திட்டுகிறார்கள் என்றே விளங்காது.

இதற்குத் தமிழில் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, இலக்கணத்திலேயே இருக்கிறது. மாறு தன்வினை, மாற்று பிறவினை. அவராகப் போனால் அணி மாறினார். பிறர் அனுப்பினால் அணி மாற்றப்பட்டார். ஆகவே டிரேட் என்பது அணிமாற்று, தானே போவது அணிமாறல்.

நட்சத்திர வீரர் ஹுவான் சோட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை சான் டியேகோ பாட்ரெஸுக்கு அனுப்பியது. சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் எனப் பெரும்பாலும் இளைஞர்களாக ஒரு கூட்டமே பதிலுக்கு வந்தது. 2023 டிசம்பரில் பாட்ரெஸ் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு அனுப்பியது, மைக்கேல் கிங் உட்பட ஐந்து பேரைப் பெற்றுக்கொண்டது. 2024 டிசம்பரில் சோட்டோ தாமே நியூயார்க் மெட்ஸில் 15 ஆண்டுக்கு 765 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். முதல் இரண்டும் அணிமாற்று, மூன்றாவது அணிமாறல். மூன்றையும் ‘பரிமாற்றம்’ என்று எழுதிப் பாருங்கள், கதை போய்விடும். மூன்றாவதற்குத்தானே யாங்கீஸ் ரசிகர்கள் அவர்மீது அவ்வளவு கோபப்பட்டார்கள்!

அந்த 2023 அணிமாற்றில் யாங்கீஸ் கொடுத்த ஐவரில் ட்ரூ தார்ப் என்ற இளம் வீச்சாளரும் ஒருவர். பாட்ரெஸுக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசுவதற்கு முன்பே, 2024 மார்ச்சில் டிலன் சீஸ் என்ற வீச்சாளருக்காக அவரை சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். இங்கே பிறவினை தவிர வேறெதுவும் பொருந்துமா?

> அப்படியானால் ‘கைமாற்று’ இன்னும் எளிது. ஏற்கெனவே இருக்கும் சொல்.

இருப்பதுதான் சிக்கல், தம்பி. கைமாற்று என்றால் வீட்டுக்கு வீடு தெரிந்த பொருள், வட்டியில்லாமல் சில நாளைக்கு வாங்கும் கடன். திருப்பித் தர வேண்டியது. கால்பந்தில் ஒரு கிளப் தன் வீரரை ஒரு பருவத்துக்கு இன்னொரு கிளப்புக்குக் கடனாகக் கொடுக்கிறதே, அதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம், அருமையாகப் பொருந்தும். பேஸ்பாலில் போனவர் போனவர்தான்.

‘ஆள்மாற்று’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆள்மாறாட்டம் பக்கத்திலேயே நிற்கிறது, வேண்டாம். ‘அணி தாவல்’ கட்சி தாவலிலிருந்து வருகிறது, கேட்டவுடனே வீரர்மீது பழி விழுகிறது. கேள்விகூடக் கேட்கப்படாமல் மூட்டை கட்ட வைக்கப்பட்டவரைத் தாவினார் என்று சொல்வது அநியாயம்.

> ‘பண்டமாற்று’ என்பதையே நீட்டிப் பயன்படுத்தலாம். பொருளுக்குப் பொருள் கொடுப்பதுதானே?

இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். பேஸ்பால் வரலாற்றிலேயே மிகப் பெரிய சண்டை இந்த எண்ணத்தின்மேல் நடந்தது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், தன்னிடம் 12 ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸுக்குக் கொடுத்தது. டிக் ஆலன் இந்தப் பக்கம் வந்தார். ஃப்ளட் போக மறுத்தார். அந்த டிசம்பர் 24 அன்று லீக் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார், தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் 5க்கு 3 என்று தோற்றது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்திருந்தது. 1975 டிசம்பரில் வேறு இரு வீச்சாளர்களின் வழக்கில் இசைவுத் தீர்ப்பாளர் பீட்டர் சைட்ஸ் தந்த தீர்ப்புதான், வீரரைக் காலமெல்லாம் ஒரே கிளப்போடு கட்டிவைத்த அந்த விதியை உடைத்தது. இன்றைக்கு மேஜர் லீகில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடித்தவர் ஒப்பந்தம் முடிந்ததும் யாரோடும் பேரம் பேசலாம். சோட்டோவுக்குக் கிடைத்த அந்த 765 மில்லியனுக்குப் பின்னால் ஃப்ளட் இழந்த ஆண்டுகள் இருக்கின்றன. மனிதரைப் பண்டம் என்று சொல்லும் சொல்லை நாம் புதிதாக உருவாக்கி வைக்கக் கூடாது.

> ‘அணி மாற்று’ என்றால் கட்டளை போல ஒலிக்கிறதே. ‘மாற்று அணி’ என்றும் குழப்பம் வரலாம்.

அக்கா சொல்வது பிரித்து எழுதினால் உண்மைதான். சேர்த்தே எழுதுவோம். பண்டமாற்று, கைமாற்று இரண்டும் இதே அச்சில்தான் பெயர்ச்சொல்லாக நிற்கின்றன, யாரும் கட்டளையாகப் படிப்பதில்லை. வேற்றுமை உருபும் இடறாமல் ஏறுகிறது: அணிமாற்றில் வந்தவர், அணிமாற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள், அணிமாற்றைத் தள்ளிப்போட்டார்கள். மூன்று கிளப்புகள் சேர்ந்து செய்தால் மூவணிமாற்று. ஐபிஎல்லுக்கும் இதே சொல் போதும். தக்கவைப்பு, விடுவிப்பு இரண்டும் நம் நாளிதழ்களில் எப்போதோ நிலைத்துவிட்டன, ஆனால் 2025 நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போய் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தபோது ‘டிரேட்’ என்றுதான் எங்கும் பேச்சு. அந்த ஒரு இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது.

அடுத்து, இழையில் யாரும் சரியாகத் தொடாத ஒன்று. ‘டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்’. ரசிகர்கள் வாயில் சுருக்கமாக டி.எஃப்.ஏ. ‘பணிக்கு நியமிக்கப்பட்டவர்’ என்று சொல்லுக்குச் சொல் போட்டால் பதவி உயர்வு போல இருக்கும், நடப்பது நேர் எதிர். மேஜர் லீக் கிளப் ஒவ்வொன்றுக்கும் நாற்பது பேர் கொண்ட பெரிய பட்டியல் உண்டு, அதிலிருந்து 26 பேர்தான் அன்றாடம் ஆடும் பட்டியலில். குளிர்காலத்தில் புதிதாக ஒருவரை ஒப்பந்தம் செய்து நாற்பதும் நிறைந்துவிட்டால் யாராவது ஒருவர் வெளியே போயாக வேண்டும். அப்படி எடுக்கப்பட்டவர் உடனே பட்டியலில் இல்லை, ஆனால் வேறெங்கும் போய்ச் சேரவும் இல்லை. ஏழு நாளுக்குள் கிளப் அவரை வேறு கிளப்புக்குக் கொடுக்க வேண்டும், அல்லது ‘வேவர்’ முறையில், மற்ற கிளப்புகள் எடுத்துக்கொள்ளும்படி, விட வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். அந்த ஏழு நாளும் வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுப்பதா, பிள்ளையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலைக்குத் தமிழில் உயிரோடு ஒரு பெயர் இருக்கிறது. அரசு அதிகாரிகளைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த இடம் சொல்லாமல் வைத்தால் ‘கட்டாயக் காத்திருப்பு’ என்கிறோம். செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பதவி போயிற்று, வேலை போகவில்லை, அடுத்தது தெரியாது, எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘பட்டியல் நீக்கம்’ என்று முன்பு பரிந்துரைக்கப்பட்டதை நான் மறுப்பதற்குக் காரணமும் இதுதான், நீக்கம் என்றால் கதை முடிந்துவிடுகிறது, இங்கே ஏழு நாள் பாக்கி இருக்கிறது.

‘வேவர்’ என்பதற்குத் தள்ளுபடி கூடாது. கடன் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி இரண்டும் நினைவுக்கு வரும். கிளப் தன் உரிமையை விடுகிறது, மற்ற கிளப்புகள் வரிசைப்படி அவரை எடுத்துக்கொள்ளலாம், அதனால் ‘உரிமைவிடல்’ போதும். சம்பளத் தகராறைத் தீர்க்கும் ‘ஆர்பிட்ரேஷன்’ என்பதில் நடுவர் என்ற சொல் வரவே கூடாது, ஆட்டத்தில் நடுவர் வேறு ஒருவர் நிற்கிறார். சட்டத் தமிழில் உள்ள ‘இசைவுத் தீர்ப்பு’ சரி.

பட்டியல்களுக்கு ‘நாற்பதின்மர் பட்டியல்’, ‘இருபத்தறுவர் பட்டியல்’ என்று சொல்லலாம் என்பது என் ஆசை. ஐவர் குழு, எழுவர் விடுதலை என்றெல்லாம் இன்றும் எழுதுகிறோம் அல்லவா? நாற்பதின்மரில் இடம் தரப்படாத இளைஞர்களை மற்ற கிளப்புகள் டிசம்பரில் எடுத்துக்கொள்ளும் ‘ரூல் 5’ தெரிவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்கள் கட்டாயம் வேண்டும். எடுத்தவரை அடுத்த பருவம் முழுக்க இருபத்தறுவரில் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய கிளப்புக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். 1954இல் டாட்ஜர்ஸ் தன் மாண்ட்ரியல் கீழ்நிலை அணியில் வைத்திருந்த ராபர்ட்டோ கிளமென்டேயைப் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் இந்தத் தெரிவு வழியாகத்தான் தூக்கிப்போனது. அவர் 18 பருவங்கள் அங்கேயே ஆடி 3,000 ஹிட் (பேஸை எட்டவைத்த அடி) அடித்தார். ஒரு இளைஞருக்குப் பட்டியலில் இடம் தராததன் விலை எவ்வளவு என்று பேசும்போதெல்லாம் இந்தப் பெயர் வந்து நிற்கும்.

> ‘பிளேயர் டு பி நேம்ட் லேட்டர்’?

‘பின்னர் அறிவிக்கப்படும் வீரர்’. அணிமாற்று நடக்கும்போது யாரென்று சொல்லாமல், பிறகு தருவதாக ஒப்புக்கொள்ளும் வீரர் இவர். தேர்வுத் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. 1962இல் கிளீவ்லாந்து கிளப் ஹாரி சீட்டியை நியூயார்க் மெட்ஸுக்கு இப்படித்தான் கொடுத்தது, பதிலுக்குப் பின்னர் அறிவிக்கப்படும் ஒருவர். மெட்ஸில் 15 ஆட்டம் ஆடினார். ஜூனில் அந்த ‘ஒருவர்’ என்று மெட்ஸ் அனுப்பிவைத்தது ஹாரி சீட்டியையே! தனக்குத் தானே ஈடாகிப்போன அந்த மனிதரை ‘அணிமாற்றப்பட்டார்’ என்று எழுதும்போது சொல் தாங்குகிறதா என்று சோதித்தேன், தாங்குகிறது.

இன்னும் முடிவாகாதது ‘ஃப்ரீ ஏஜென்ட்’, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த கிளப்போடும் பேரம் பேசக்கூடியவர். விடுதலை வீரர் என்றால் சுதந்திரப் போராட்டத்துக்குப் போய்விடுகிறது. கட்டற்ற வீரர் என்றால், மென்பொருளுக்கு அது எவ்வளவு பொருந்தினாலும், ஆளுக்குச் சொல்லும்போது ஒழுங்கில்லாதவர் என்ற தொனி வருகிறது. ‘தன்னுரிமை வீரர்’ என்று வைக்கிறேன். இதையொட்டி இன்னொன்று: பத்தாண்டு மேஜர் லீக் பணியும் அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே கிளப்பிலும் முடித்தவர், தன்னை அனுப்புவதை மறுக்கலாம். 1973இல் இதை முதலில் பயன்படுத்தியவர் சிகாகோ கப்ஸின் ரான் சாண்டோ. கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குப் போக மாட்டேன் என்றார், கடைசியில் அதே ஊரின் வைட் சாக்ஸுக்குத்தான் போனார். அந்த உரிமைக்கு ‘அணிமாற்று மறுப்புரிமை’ என்பது என் பரிந்துரை. நீளம் என்று தோன்றினால் வெறும் ‘மறுப்புரிமை’ என்றும் பேச்சில் வரும்.

அணிமாற்றுக்குப் பெரிய எதிர்ப்பு இல்லையென்றால் இந்த வாரக் கடைசியில் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். தன்னுரிமை வீரர், கட்டாயக் காத்திருப்பு இரண்டையும் பற்றி, குறிப்பாகச் சட்டத் தமிழ் தெரிந்தவர்கள், ஒரு வரியாவது எழுதுங்கள். இலங்கை நண்பர்களிடம் தனியாக ஒரு கேள்வி: ‘கட்டாயக் காத்திருப்பு’ உங்கள் அரச அலுவலகத் தமிழில் வழக்கில் உண்டா? இல்லையென்றால் அங்கே வாசிப்பவருக்கும் புரியும்படி வேறு என்ன சொல்லலாம்?

அன்புடன்