பழைய முன்பணம் வருவதற்குள் புதிய முன்பணம்

வாடகை வீடு மாறிய மூன்று பேர் எழுதியவை இவை.

புதிய வீட்டின் மாத வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா என்றுதான் பார்த்தேன். அடங்கியது, தலையாட்டிவிட்டேன். அடுத்த வாரமே முன்பணமாக 3 மாத வாடகை, தரகருக்கு 1 மாதம், முதல் மாத வாடகை என 5 மாத வாடகையை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அதைக்கூட எதிர்பார்த்துத்தான் இருந்தேன். பழைய வீட்டு முன்பணம் எப்போது கைக்கு வரும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. அதை வாங்கிப் புதியதைக் கட்டிவிடலாம் என்று இருந்தேன். காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதானே அது திரும்பும்? புதிய வீட்டுக்காரரோ பணம் வந்தால்தான் சாவி என்கிறார். இடையில் 10 நாள் இரண்டு வீட்டுக்கும் வாடகை வேறு. அண்ணனிடம் கைமாற்று வாங்கிச் சமாளித்தேன்.

பழைய வீட்டுக்காரர் பார்வையிட வந்தபோது சுவரை விரலால் தடவித் தடவி ஆணித் துளைகளை எண்ணினார். மொத்தம் 7. அதில் 4 நான் குடிவரும் முன்பே இருந்தவை. காட்டுவதற்கு ஒரு புகைப்படம்கூட என்னிடம் இல்லை. வெள்ளையடிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார், அதுவும் 5 வாரம் கழித்து.

~

எங்களைக் கவிழ்த்தவை சில்லறைச் செலவுகள். பழைய திரைச்சீலைகள் புதிய ஜன்னலுக்கு ஒரு சாண் குறைந்தன. முன்பு குடியிருந்தவர் பல்புகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார் (என்ன மனிதரோ!). லிஃப்டில் சாமான் ஏற்றச் சங்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதை, லாரி வாசலில் நிற்கும்போதுதான் காவலாளி சொன்னார். எல்லாம் சேர்ந்து அரை மாத வாடகையை விழுங்கிவிட்டன.

~

இப்போதுள்ள வீட்டுக்குக் குடிவந்தபோது, முன்பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் சம்மதித்தார். தரகர் மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை. காலி செய்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "15 நாள்" என்று ஓரத்தில் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன். அந்த வரியைக் காட்டும்போது என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.