புதுப்பிப்பு: மீன் கடைக் காட்சியில் ஓடிய கறுப்புப் பட்டைகள் போய்விட்டன

எல்லோருக்கும் நன்றி. இருபது வயதில் சூப்பர் 8 பிலிம் கமராவோடு அலைந்தவன், முப்பத்தைந்து வருடம் கழித்துக் கைத்தொலைபேசியில் மறுபடி படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். திருகோணமலையில் மச்சானின் மீன் கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த காட்சிகளில் கறுப்புப் பட்டைகள் ஓடின. அதுதான் என் கேள்வி.

ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/50 நொடியில் பூட்டச் சொல்லிப் பதில் எழுதிய தம்பியின் யோசனைதான் பலித்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. தானியங்கி ஷட்டர் அதோடு ஒத்துப்போகவில்லை. 1/50 நொடியில் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். அதனால் ஷட்டர் 1/50, நொடிக்கு 25 பிரேம் (படம்) என்று வைத்தேன், பட்டை இல்லை. பாரை மீனைச் சுரண்டும்போது செதில்கள் சின்னச் சின்ன வெள்ளிக் கோடுகளாகத் தெறிக்கின்றன. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எடிட்டிங்கில் பட்டையை நீக்கும் வழியையும் முயன்றேன். பாதிதான் போனது, மீனின் பளபளப்பும் சேர்ந்து போனது.

எதிர்பாராதவை இரண்டு. தராசுக்கு மேலிருந்த மலிவு எல்ஈடி பல்பு மட்டும் அப்போதும் துடித்தது, அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன். அப்புறம், அதே 1/50இல் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனால் காட்சி முழுக்க வெளுத்துவிட்டது. ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) அடிமட்டத்துக்கு இறக்கியும் போதவில்லை. என் தொலைபேசியில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது, ஆகவே வெயிலுக்கு என்டி பில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி, வேண்டும். இரவல் ஒன்று கிடைத்திருக்கிறது. ஞாயிறு விடிய, கரைவலை இழுப்பதை எடுக்கப் போகிறேன்.