'பனி கரைந்த ரத்தம்' - தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே, ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களில் வரும் பனி, குளிர் உவமைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் கறாரான ஆட்சியாளன் ஏஞ்சலோவின் உடம்பில் ஓடுவது பனி கரைந்த தண்ணீர் என்கிறான் லூசியோ. அவன் மூத்திரம்கூட உறைந்த பனிக்கட்டிதானாம்! ஆசையே எழாத ஆள் என்ற நக்கல். 'ஒதெல்லோ' முடிவில் இதே குளிர் வேறு மாதிரி அறைகிறது. தான் கொன்ற மனைவி டெஸ்டிமோனாவைப் பார்த்து ஒதெல்லோ, 'உன் கற்பைப் போலவே சில்லிட்டுக் கிடக்கிறாயே' என்று கதறுகிறான். ஹாம்லெட்டும் ஒஃபீலியாவிடம் கற்புக்குப் பனிக்கட்டியைத்தான் உவமை சொல்கிறான்.

நமக்கோ கண் குளிரும், மனம் குளிரும். கற்பு என்றால் மதுரையை எரித்த நெருப்பு. அப்படியே மொழிபெயர்த்தால் லூசியோவின் கேலி பாராட்டாகிவிடுகிறது. 'ஜடம்', 'மரக்கட்டை' என்று போட்டுப் பார்த்தேன், பனி காணாமல் போய்விட்டது.

இவற்றை மொழிபெயர்த்தவர்கள், மேடையில் பேசியவர்கள் யாராவது இருந்தால் என்ன சொல் போட்டீர்கள் என்று சொல்லுங்களேன். வெப்ஸ்டர், பென் ஜான்சன் நாடகங்களில் இப்படிப்பட்ட வரிகள் நினைவிருந்தால் அங்கம், காட்சி எண்ணோடு தந்தால் பெரிய உதவி.