புதுப்பிப்பு: நமத்துப்போன கிரானோலா இப்போது மொறுமொறு

வீட்டில் செய்யும் கிரானோலா (ஓட்ஸில் எண்ணெயும் தேனும் கலந்து ஓவனில் சுடுவது) மறுநாளே நமத்துப்போகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டச் சொன்ன யோசனைதான். 180 டிகிரிக்குப் பதில் 150 டிகிரி, 40 நிமிடம், நடுவில் ஒரு தடவை கிளறல். 3 கப் ஓட்ஸுக்குக் கால் கப் எண்ணெய், கால் கப் தேன். ஓவனிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆற ஆறத்தான் தேன் இறுகும். தட்டிலேயே கைபடாமல் முழுக்க ஆறவிட்டு அப்புறம் உடைத்தால் கடலை மிட்டாய் மாதிரி பாளம் பாளமாக வருகிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்துவிடும், அவ்வளவுதான்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்தும் பார்த்தேன். கட்டி நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் மொறுமொறுப்புக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.

எதிர்பாராதது உலர்திராட்சை. ஆறிய பிறகு கலந்தும்கூட அதன் ஈரத்தை ஓட்ஸ் இழுத்துக்கொண்டது. இப்போது அதற்குத் தனி டப்பா, சாப்பிடும்போதுதான் சேர்க்கிறோம். தேங்காய்ச் சீவல் போடுபவர்கள் கடைசி 10 நிமிடத்தில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் கருகிவிடும்.